அளவு நாடாவை ஜக்கெற்றின் மேல் பிடியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு வாரங்களுக்கு முன்னர் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் ஹலோவீன் பண்டிகைக்காக 45 டொலர் கொடுத்து மகனுக்கு வாங்கிய உடுப்பு மூன்றாவது வீட்டுப் படியில் ஏறும்போதே கவட்டில் கிழிந்துபோனதையும், பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்பியதையும் அவர் மனவருத்தத்துடன் விவரித்திருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரமாக, இனிமேல் ஒக்ரோபர் 31ஆம் திகதி பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் விடுவதே நல்லது என்று அவர் முடித்திருந்ததுடன் எனக்கு உடன்பாடு இல்லை. கிழிந்தது உடுப்பு, அதற்குத் தண்டமாகப் பிள்ளை தன்னுடைய ஒரு மாலைப்பொழுதைக் கட்ட வேண்டியதில்லை. அந்த உடுப்பை வீட்டிலேயே, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படிச் செய்யலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்தில் பிறந்தவள். என் பெரியப்பா ஊர்க் கூத்துகளுக்கு உடுப்புக் கட்டிக் கொடுப்பவர். கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டுவதும், பிரம்பை நெருப்பில் வாட்டி வளைப்பதும், பழைய சேலைக் கரையைப் பிரித்து அரசனுடைய மார்புப் பதக்கத்துக்குப் பொருத்துவதும் நான் சிறுமியாக இருந்து பார்த்த வேலைகள். கனடாவுக்கு வந்த பின்னர் ரொறன்ரோவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் சட்டைக் கைகளும் கழுத்துப்பட்டிகளும் தைத்தேன். என் பிள்ளைகள் மூவருக்கும் இப்போது பேரப்பிள்ளைகளுக்குமாக முப்பதுக்கு மேற்பட்ட ஹலோவீன் உடுப்புகளைச் செய்திருக்கிறேன். எல்லாம் சரிவந்தன என்று சொல்ல மாட்டேன். சரிவராதவற்றையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில், கடையில் வாங்கும் உடுப்பு ஏன் கிழிகிறது என்பதைப் பார்ப்போம். தொழிற்சாலைக் கை சும்மா இருக்காது. பேரப்பிள்ளைகளுக்குப் பிறர் அன்பளிப்பாகக் கொடுத்த உடுப்புகள் பலவற்றை நான் தையல் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மூட்டில் ஒற்றைத் தையல். தையலுக்கு வெளியே விட்டிருக்கும் துணி கால் அங்குலம்கூட இல்லை. ஓரம் பூட்டப்படாததால் நூல் நூலாக அவிழ்கிறது. கவட்டிலும் அக்குளிலும் இரட்டைத் தையல் என்ற பேச்சே இல்லை. ஓர் இரவுக்கு மட்டுமே உடுக்கப்படும் என்ற கணக்கில் தைத்த உடுப்பு அந்த ஓர் இரவைத் தாண்டுவதற்கே சிரமப்படுகிறது. துணியைவிடப் பெரிய பிழை அளவில் இருக்கிறது. "நான்கு முதல் ஆறு வயது வரை" என்று பையில் அச்சிட்டிருக்கும் அளவு, வெறும் உடம்போடு நிற்கும் ஒரு பிள்ளைக்கான அளவு. ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் ஒக்ரோபர் முடிவில் எந்தப் பிள்ளை வெறும் உடம்போடு தெருவில் நடக்கிறது?

அன்றைய தினம் இங்கே மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். வெப்பநிலை பெரும்பாலும் பத்துப் பாகைக்குக் கீழேதான் நிற்கும். காற்றும் தூறலும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே இளவரசிச் சட்டைக்கு மேலே தாய் ஜக்கெற்றைப் போட்டுவிடுகிறாள். இளவரசி காணாமற் போய்விடுகிறாள். அல்லது ஜக்கெற்றுக்கு மேலே உடுப்பை இழுத்து மாட்டுகிறார்கள், அக்குள் கிழிகிறது. இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. நான் முப்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டவற்றில் முதலிடம் பெறுவது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஜக்கெற்றைப் போட்டு, சிப்பை மேலே வரை இழுத்து, சப்பாத்தும் அணிவித்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு அளவு நாடாவை எடுக்க வேண்டும். மார்புச் சுற்றளவை ஜக்கெற்றின் மேலாக எடுத்து நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லி, இடுப்பிலிருந்து அக்குள் வரை இன்னொரு முறை அளவெடுங்கள். கதவு மணியை அழுத்தக் கை உயரும்போது உடுப்பு முழுவதும் மேலே ஏறாமல் இருப்பதற்கு இந்த அளவே உதவும். நீளம் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட வேண்டும். தரையைத் தொடும் உடுப்பு படத்துக்கு அழகாக இருக்கும், படிக்கட்டுக்கு ஆகாது.

என் மூத்த பேத்திக்கு நான்கு வயதில் செய்த பூசணிக்காய் உடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பூசணிக்காய் என்றால் உருண்டையாக நிற்க வேண்டும். பலர் பஞ்சையோ கசக்கிய பத்திரிகைத் தாளையோ உள்ளே திணிக்கிறார்கள். அது நடக்க நடக்கக் கீழே இறங்கி, அரை மணி நேரத்தில் பூசணி சுரைக்காயாகிவிடுகிறது. எனக்குப் பெரியப்பாவின் கரப்புடுப்பு நினைவுக்கு வந்தது. வடமோடி என்ற கூத்து வகையில் அரசனுக்கு உடுத்தும் அந்தப் பாவாடை, கோழி கவிழ்க்கும் கரப்பைப் போலப் பிரம்பு வளையங்களால் விரிந்து நிற்பது. ஆடுபவன் சுழன்றாலும் அதன் வடிவம் குலையாது. பிரம்புக்கு இங்கே எங்கே போவது? வன்பொருட் கடையில் சுண்டுவிரல் தடிப்புள்ள, வளையக்கூடிய பிளாஸ்ரிக் நீர்க்குழாய் அடி அளவில் வெட்டிக் கொடுக்கிறார்கள். கம்பளி போல மெதுமையான செம்மஞ்சள் ஃபிளீஸ் துணியில், பாவாடைக்கு நாடா கோப்பதற்கு மடித்துத் தைப்பதுபோல மூன்று இடங்களில் குழல் மடிப்புத் தைத்து, நடுவில் பெரிய வளையமும் மேலும் கீழும் சிறிய வளையங்களுமாகக் குழாயைக் கோத்தேன். வளையத்தின் இரு முனைகளையும் பொருத்துவதற்கு அதே குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் ஒரு மரக்குச்சியும் அதன்மேல் சுற்றிய ஒட்டு நாடாவும் போதுமானவையாக இருந்தன. பாரம் முழுவதையும் தோளிலிருந்து வரும் இரண்டு அகன்ற பட்டிகள் முதுகில் குறுக்காகச் சென்று தாங்கின. ஃபிளீஸ் துணியின் ஓரம் அவிழாது என்பதால் தையல் பழகாத கைக்கும் அது ஏற்ற துணி. பூசணியின் வரிகளுக்கு மேலிருந்து கீழாக எட்டு இடங்களில் தடித்த நூலால் சுருக்கு இழுத்துவிட்டேன்.

உடுப்பு அற்புதமாக இருந்தது. பேத்தி அதற்குள் நின்றபோது என் மருமகன்கூடத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஆனால் பள்ளிக்குப் போன பிறகு பார்த்தால், வகுப்பில் கதிரையில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பேருந்தின் வாசலுக்குள்ளும் நுழைய முடியவில்லை. ஆசிரியை அவளைக் கம்பளத்தில் நிற்க வைத்தே கதை வாசித்தாராம். "ஆடுகிறவனுக்கு இருக்கவும் தெரிய வேண்டும்" என்று பெரியப்பா கரப்பின் பின்பக்கத்தை எப்போதும் சற்றுத் தட்டையாகவே வளைப்பார் என்பது, பிள்ளை முகம் வாடி வந்தபோதுதான் எனக்கு நினைவில் வந்தது. அன்று மாலையே பின்பக்கத்தில் நடு வளையத்தை வெட்டி, அந்த இடைவெளியில் எலாஸ்ரிக் பட்டியை வைத்துத் தைத்தேன். இருக்கும்போது மடங்கியது; எழும்பும்போது விரிந்தது. அதன் பிறகு எந்த உடுப்பையும் நான் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு கிழமைக்கு முன்பே உடுத்தி, கதிரையில் இருத்தி, படியில் ஏற்றி இறக்கி, கழிவறைக்குத் தானாகப் போய்வர முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுகிறேன். கடைசியாகச் சொன்னதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகில் சிப் வைத்த உடுப்பால் பள்ளியில் தலைகுனிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். முன்பக்கம் அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டி வையுங்கள்.

தையல் இயந்திரம் இல்லாத வீடுகளுக்கு மட்டைப்பெட்டி இருக்கிறது. தொலைக்காட்சியோ அடுப்போ வாங்கியவர்களிடம் கேட்டால் மகிழ்ச்சியுடன் தருவார்கள். ரோபோ, தீயணைப்பு வண்டி, ரொறன்ரோவின் தெருத் தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு ஸ்ரீற்கார் ஆகிய மூன்றையும் நான் மட்டையில் செய்திருக்கிறேன். தோளில் பட்டி மாட்டி இடுப்பைச் சுற்றி வண்டியைத் தொங்கவிடும் முறை, தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையை ஒருமுறையேனும் பார்த்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். மட்டையை வெட்டும் முன்னர் அதன் உள்ளே ஓடும் அலைவரிகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த வரி நெடுகிலும் மட்டை எளிதாக வளையும், குறுக்கே வளைத்தால் உடையும். மடிக்க வேண்டிய கோட்டில் கரண்டிக் காம்பால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் ஓரம் கூர்மையாக வரும். மட்டை வேலையில் பலர் நம்பியிருப்பது பசையைச் சூட்டில் உருக்கிப் பிழியும் குளூ கன். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. அதன் சூட்டுக் காயம் ஆழமானது. அதோடு, மேசையில் இரும்பாக ஒட்டியது போலத் தோன்றும் அந்தப் பசை வெளியே குளிரில் இறுகி, வழுவழுப்பான துணியிலிருந்தும் பிளாஸ்ரிக்கிலிருந்தும் தோலாக உரிந்து வந்துவிடுகிறது. ஸ்ரீற்காரின் இரண்டு முன்விளக்குகளும் எங்கள் தெருமுனையிலேயே விழுந்தன. பாரம் தாங்கும் இடத்தில் துளையிட்டு நூலால் கட்டுங்கள். மழைக்கு, நிறம் காய்ந்த பின்னர் கீழ்விளிம்பு முழுவதும் அகன்ற தெளிந்த ஒட்டு நாடாவைச் சுற்றிவிட்டால் போதும். தண்ணீர் முதலில் குடிப்பது விளிம்புதான்.

வீட்டில் செய்தது என்றால் வசதியில்லாதவர்களின் ஏற்பாடு என்ற எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. வரலாற்றைப் பார்த்தால் விடயம் மறுவளம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பிள்ளைகள் கைக்குக் கிடைத்த பழந்துணியைச் சுற்றி, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒரு பாட்டோ வேடிக்கையோ செய்து காட்டினால்தான் பழமோ கொட்டையோ கிடைக்கும். இன்று பூசணியைக் குடைந்து வாசலில் வைக்கும் விளக்கைக்கூட அங்கே டேர்னிப் கிழங்கில்தான் குடைந்தார்கள். பூசணி இந்தக் கண்டத்துக்கு வந்த பிறகு கிடைத்தது. இனிப்புத் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற பிள்ளைகளின் மிரட்டல் அச்சேறிய ஆரம்பகாலச் செய்திகளில் ஒன்று 1927இல் நம் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துப் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து வந்ததாகும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து டெனிசன் நிறுவனம் தன்னுடைய குரேப் தாளை, அதாவது சுருக்கங்கள் உள்ள மெல்லிய அலங்காரத் தாளை, விற்பதற்காக 1909இல் ஒரு கைந்நூலை வெளியிட்டது. 1912 முதல் ஆண்டுதோறும் அதைத் தொடர்ந்தது. பழைய மஸ்லின் உட்சட்டையின் மேல் தாளை அடுக்கடுக்காகத் தைத்துச் சூனியக்காரியும் பூனையும் செய்வது எப்படி, மேசைக்கும் கதவுக்கும் அலங்காரம் வெட்டுவது எப்படி என்பதையெல்லாம் தாய்மாருக்குப் படம் போட்டுக் காட்டிய நூல்கள் அவை. பெட்டியில் அடைத்த மலிவு உடுப்பு பெருமளவில் பரவியது 1930களுக்குப் பின்னர்தான். ஆக, கடையுடுப்புத்தான் இந்தப் பண்டிகைக்குப் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

ஆனால் அந்தக் குரேப் தாளை நாம் பின்பற்றக் கூடாது. தாளும் மெழுகுவர்த்தியும் ஒரே அறையில் இருந்த காலம் அது. 2014ஆம் ஆண்டு ஹலோவீன் இரவில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரின் எட்டு வயது மகள் உடுத்தியிருந்த கடையுடுப்பு மெழுகுவர்த்தியில் பட்டுத் தீப்பற்றி, அந்தப் பிள்ளை கடுமையான எரிகாயங்களுக்கு உள்ளானாள். அதன் பின்னர் அந்நாட்டில் வேட உடுப்புகளின் தீப்பாதுகாப்புப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. வீட்டில் தைப்பதால் மட்டும் நாம் இதிலிருந்து தப்பிவிட மாட்டோம். நானே ஒருமுறை என் கணவரின் பழைய பருத்தி வேட்டியை வெட்டி, இரண்டாவது மகனுக்கு ஆவி உடுப்புச் செய்தேன். அகன்ற கை, தொங்கும் விளிம்பு. பக்கத்து வீட்டுப் பூசணி விளக்கை அவன் குனிந்து பார்த்தபோது அந்தச் சட்டைக் கை மெழுகுவர்த்திக்கு மேலாகப் போனதை நான் படலையடியில் நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு வெட்டினேன். ஐதான பருத்தியும், சல்லடைத் துணியும், வலைத் துணியும் விரைவாகத் தீப்பற்றும் தன்மை கொண்டவை. நெருக்கமான நெசவுள்ள தடித்த துணி மேலானது. தீயைத் தாங்கும் என்று குறிப்பிட்ட நைலோனையோ பொலியெஸ்ரரையோ தேர்ந்தெடுக்குமாறு கனடாவின் சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. அந்தக் குறிப்பு எரியவே எரியாது என்பதற்கு உறுதிமொழி அன்று என்பதையும் மறக்கக் கூடாது. எந்தத் துணியானாலும் கை மணிக்கட்டில் எலாஸ்ரிக்குடன் முடியட்டும். நம் வீட்டுப் பூசணிக்குள் பற்றரி விளக்கை வைப்பது, வருகின்ற ஐம்பது பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் உபகாரம்.

முகமூடி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரி. இரண்டு சிறு துளைகளுக்குள்ளால் பார்க்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டில் வரும் கார் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, ஆந்தையின் முகத்தையோ நரியின் முகத்தையோ தாட்கூழில் செய்து, தொப்பியின் முன்விளிம்பைப் போல நெற்றிக்கு மேலே நிற்க வைக்கிறேன். பலூனை ஊதி, கிழித்த பத்திரிகைத் தாளைக் கோதுமை மாக்கஞ்சியில் தோய்த்து நான்கு சுற்று ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டால் தேங்காய்ச் சிரட்டையைப்போல இறுகிவிடும். தங்கள் பத்திரிகையின் தாள் இதற்கு மிகவும் உகந்தது. இதைப் பாராட்டாகவே கொள்ளவும். முகத்துக்கு வர்ணம் பூசுபவர்கள், முந்தின நாளே பிள்ளையின் முன்கையில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கூத்தர்கள் பூசிய அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம் என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பூசியவர்களுக்கும் தெரிந்திருக்காது. கைவினைக்கு விற்கும் மினுக்குத் தூளை முகத்தில் பூசாதீர்கள். அது கண்ணைக் கீறும்.

இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்பது எப்போதும் கறுப்பு: வௌவால், பூனை, எலும்புக்கூடு. சென்ற ஆண்டு பேரனுக்கு எலும்புக்கூடு செய்தபோது, எலும்புகளை வெள்ளைத் துணியில் வெட்டாமல், மிதிவண்டிக்கு ஒட்டும் ஒளிதெறிக்கும் நாடாவில் வெட்டினேன். இரண்டு அளவு பெரிய கறுப்பு மேலங்கியை ஜக்கெற்றுக்கு மேல் போட்டு, விலா எலும்புகளை முன்னும் பின்னும் நாடாவால் ஒட்டி, ஓரங்களைத் தைத்தும் விட்டேன். காரின் வெளிச்சம் பட்டதும் எலும்புக்கூடு தெருவில் எழுந்து நடந்தது. பிள்ளைக்குப் பயங்கரமான வேடம் கிடைத்தது. தாய்க்கு நிம்மதி கிடைத்தது.

இனி வீட்டு விருந்துக்கு வருவோம். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்து விருந்து வைப்பதுண்டு. கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் சிலந்தி வலையை மாட்டிவிட்டுப் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு தொலைபேசியைக் கொடுப்பதைவிட, வேலையையே விருந்தாக வைத்தால் நேரம் போவது தெரியாது. என்னிடம் கேட்டால், எல்லாவற்றிலும் சிறந்தது கஞ்சி ஆவி. ஒரு கோப்பைப் பச்சரிசியைக் குழைய வேகவைத்து வடித்த கெட்டிக் கஞ்சி ஆறிய பிறகு, ஒரு முழ அளவுச் சல்லடைத் துணியை அதில் நனைத்துப் பிழிய வேண்டும். போத்தல் ஒன்றின் வாயில் சிறு பந்தை நிறுத்தி, கைகளுக்காக இரு பக்கமும் வளைத்த கம்பியைக் கட்டி, பொலித்தீனால் மூடிவிட்டு, அதன்மேல் துணியைப் போர்த்தி மடிப்புகளைப் பிள்ளைகளே இழுத்துவிட வேண்டும். வெப்பமூட்டி ஓடும் அறையில் ஓர் இரவில் காய்ந்துவிடும். மறுநாள் போத்தலை மெதுவாக உருவினால், உள்ளே ஒன்றுமில்லாத ஓர் உருவம் தானாகவே நிற்கும். வேட்டிக்குக் கஞ்சி போட்ட கைகளுக்கு இது புதிய வித்தையன்று. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முட்டை மட்டையில் மூன்று குழிகளை வெட்டிக் கறுப்பு பூசி வௌவால் செய்யக் கொடுங்கள். பூசணியைக் குடைவதை அவர்களிடம் விடாமல், அதன் மேல் வர்ணம் தீட்ட விடுங்கள். கத்தி பிடிக்கும் வேலை பெரியவர்களுக்கே சரி.

விருந்துக்கு வருபவர்களில் கச்சானோ பாலோ ஒவ்வாத பிள்ளை ஒன்றேனும் இருக்கும். 2012இல் அமெரிக்காவின் டென்னசியில் தொடங்கிய ஒரு நல்ல வழக்கத்தை இங்கேயும் காண்கிறேன்: நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி ஒன்று வாசலில் இருந்தால், அந்த வீட்டில் உண்ணாத பரிசும் உண்டு என்று பொருள். துணிக் கழிவில் தைத்த விரற்பொம்மைகளை நான் அப்படி ஒரு கூடையில் வைக்கிறேன். ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளும் அதையே எடுத்துக்கொண்டு போகிறார்கள். இனிப்பு வாங்கும் பையும் வீட்டிலேயே செய்யக்கூடியது. என் பிள்ளைகளின் காலத்தில் அவர்களின் கழுத்தில் ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெஃப்பின் செம்மஞ்சள் மட்டைப்பெட்டியும் தொங்கும். 1955 முதல் 2006 வரை கனடியப் பிள்ளைகள் சில்லறை சேர்த்த அந்தப் பெட்டியின் நினைவாக, பேரப்பிள்ளைகளின் பைகளை அதே நிறத்திலேயே தைத்து வருகிறேன்.

வேறொரு விடயமும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அயல்வீட்டுத் தாய் ஒருவர், நல்ல மனதுடன்தான், மகளை "இந்திய இளவரசி"யாக அனுப்புவதற்கு என்னுடைய கூறைச் சேலையை இரவல் கேட்டார். நான் திருமணத்துக்கு உடுத்தது வேடம் அல்லவே. அதை அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு விட்டில்பூச்சி உடுப்பு ஒன்றைச் செய்து கொடுத்தேன். மகளின் கிழிந்துபோன பட்டுப்பாவாடையின் கரை இறக்கைக்குப் போனது. பிள்ளை இளவரசியை மறந்துவிட்டாள். நம்மவர்களும் பிறருடைய வழிபாட்டு உடையையோ பூர்வகுடிகளின் இறகுக் கிரீடத்தையோ வேடமாகப் போடாமல் இருப்பது அதே நியாயத்தில் சேர்ந்தது.

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தபோது, காலையில் எண்ணெய் வைத்துப் புதுச்சட்டை போட்ட பிள்ளைகளே மாலையில் வௌவாலாகவும் பூசணியாகவும் தெருவில் இறங்கினார்கள். எந்தப் பிள்ளையும் இதில் குழம்பியதாகத் தெரியவில்லை, குழம்பியவர்கள் நாங்கள்தான். எது எப்படியாயினும், இரண்டு பண்டிகைக்கும் தையல் வேலை செப்ரெம்பரில் தொடங்கியாக வேண்டும். ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோளும் இதைப் பற்றியதே. தங்கள் பத்திரிகை ஒக்ரோபர் கடைசி வாரத்தில் உடுப்புக் கடை விளம்பரங்களோடு ஹலோவீனை நினைவுகூர்கிறது. அப்போது வெட்டித் தைக்க யாருக்கும் நாள் இருக்காது. செப்ரெம்பர் நடுப்பகுதியில் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்கி, ஜக்கெற்றுக்கு மேல் அணியக்கூடிய ஓர் எளிய மேலங்கியின் வெட்டு வரைபடத்தை மூன்று அளவுகளில் வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். ஒரே மேலங்கியில் காதை மாற்றினால் பூனை, இறக்கையை வைத்தால் ஆந்தை. இந்த நகரத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் ஆயுளைக் கழித்த நம் பெண்கள் பலர் இன்று முதியோர் மாடிகளில் சும்மா இருக்கிறார்கள். அளவும் வெட்டும் அவர்களுக்குக் கைப்பாடம், கேட்பாரில்லை. இக்கடிதத்துடன் நான் பயன்படுத்தும் வரைபடத்தைப் பழுப்புத் தாளில் பிரதி எடுத்து இணைத்துள்ளேன். விரும்பினால் வெளியிடலாம், கட்டணம் எதுவும் வேண்டாம்.

இறுதியாக வாசகர்களிடம் ஓர் உதவி. இளைய பேத்தி இந்த ஆண்டு ரக்கூனாகப் போவதென்று முடிவெடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை வாரத்தில் இரண்டு இரவு கவிழ்க்கும் அந்தப் பிராணியே அவளுக்கு முன்மாதிரி. கையில் பிடிக்க மட்டையில் தொட்டி மூடி ஒன்றும் கேட்டிருக்கிறாள். உடலும் காதும் முடிந்துவிட்டன. வால்தான் சிக்கலாக இருக்கிறது. பஞ்சு அடைத்தால் தரையில் இழுபடுகிறது. மேலே தூக்கி நிறுத்தக் கம்பி வைத்தால் பின்னால் வரும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. முதுகில் கட்டிவிட்டால் கதிரையில் சாய முடியவில்லை. கம்பி இல்லாமல், இருபது அங்குல வரிவாலை நிலத்தில் படாமல் நிறுத்துவதற்கு வழி தெரிந்தவர்கள் இப்பகுதிக்கு எழுதினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன். பழுது பார்க்க எனக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓர் அம்மம்மா,
ஸ்காபுறோ